கீறல் விழாத தீப்பெட்டி

ஜனவரி 12

அண்ணிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. கேட்டாலும் நீங்கள் பதில் சொல்லப் போவதில்லை. என் நம்பரிலிருந்து அழைப்பே வராதபடி உங்கள் போனில் அடைத்து வைத்திருக்கிறீர்கள். அண்ணனைக் கூப்பிட்டால் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறார். அந்த அப்புறம் பத்து மாதமாக வரவில்லை. அதனால்தான் தபால். தபாலை அடைக்க வழி இருக்காது என்று நினைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உங்கள் கடைக்குத் தீ வைத்தான் என்று என் தம்பி துரைக்குத் தீர்ப்பு வந்தபோது, கோர்ட் அவனை ஜெயிலுக்கு அனுப்பவில்லை. அவனுடைய மூளைவளர்ச்சி எட்டு வயதுப் பிள்ளை அளவில் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, மூன்று வருடம் வெளியிலேயே வைத்துச் சிகிச்சை கொடுக்கச் சொன்னது. இரவில் என் வீடு, பகலில் பயிற்சி மையம், வாரம் ஒருமுறை மேற்பார்வை அதிகாரி, உங்கள் தெருவில் கால் வைக்கக் கூடாது. எல்லாம் உங்களுக்குத் தெரியும். அன்றைக்குக் கையில் கட்டோடு முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தீர்கள்.

மார்ச் கடைசியில் மறுவிசாரணை வருகிறது. இந்த ஏற்பாடு தொடரலாமா, இல்லை அவனைப் பூட்டிய விடுதிக்கு அனுப்பலாமா என்று நீதிபதி அப்போது சொல்வார். அந்த விடுதியை நான் போய்ப் பார்த்தேன். ஜன்னல்கள் எல்லாம் கூரைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. உள்ளே போனவர்களில் யார் வெளியே வந்தார்கள் என்று வாசல் காவலரைக் கேட்டேன். அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார்.

இந்த நேரம் பார்த்து நீங்கள் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, அவனை விடுதிக்கே அனுப்ப வேண்டும் என்று கையெழுத்து வாங்குகிறீர்களாம். முடிதிருத்துபவர், மருந்துக்கடைக்காரர், சாவி செய்கிறவர் எல்லோரும் போட்டுவிட்டார்களாம். அவர்கள் கடை எதுவும் எரியவில்லையே அண்ணி.

இரண்டு விஷயம் கேட்கிறேன். அந்த மனுவை அனுப்பாதீர்கள். இன்னொன்று, மையத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால், செய்தவன் அவர் எதிரில் உட்கார்ந்து, செய்ததைத் தன் வாயால் சொல்வான். டீச்சரும் அதிகாரியும் கூடவே இருப்பார்கள். நீங்கள் மன்னிக்க வேண்டியதில்லை, காது கொடுத்தால் போதும். மன்னிப்பதெல்லாம் உங்களிடம் நான் எதிர்பார்ப்பதும் இல்லை.

நீங்கள் ஒப்புக்கொண்டாலும் கொள்ளாவிட்டாலும் உங்கள்
நாத்தனார்

•

ஜனவரி 21

நாத்தனாருக்கு,

தபாலை அடைக்க வழி உண்டு. அதற்குக் குப்பைக் கூடை என்று பெயர். உன் கடிதம் அதில் விழாமல் தப்பியது உன் அண்ணனால். "படிச்சுட்டுப் போடேன்" என்றார். இந்தப் பத்து மாதத்தில் இந்த விஷயத்தில் அவர் வாயிலிருந்து உதிர்ந்த முத்து அது ஒன்றுதான்.

அவர்கள் கடை எரியவில்லையா? முடிதிருத்துபவர்தான் என் பின்னறைக் கதவை உடைத்து என்னை வெளியே இழுத்துப் போட்டார். திருடனுக்குப் பயந்து அதை வெளியிலிருந்து பூட்டி வைப்பது வழக்கம். முன்பக்கம் தீ, பின்பக்கம் பூட்டு. சாவி செய்கிறவர் கடைக்கும் என் கடைக்கும் நடுவே ஒரு மரத் தடுப்புதான். நீ எட்ட இருந்துகொண்டு எரிந்ததா எரியவில்லையா என்று கணக்குப் பார்க்காதே.

ஆறு வருடம் அவன் என் கடையில் இருந்தான். திரைச்சீலைக்குக் கொக்கி மாட்டுவது அவன் வேலை. நன்றாகத்தான் மாட்டுவான், அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது யாரும் கொக்கி கேட்பதில்லை, எல்லோருக்கும் வளையம் வேண்டும். அதற்கு இயந்திரம் வாங்கினேன். அவன் உட்காரும் மூலையில்தான் அதை வைக்க இடம் இருந்தது. "நாளையிலேருந்து வர வேணாம் துரை, வீட்டுல இரு" என்றேன். "சரி அண்ணி" என்றான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி கடையை ஒரு சுற்றுச் சுற்றினான். அந்த நடைக்குத்தானே உங்கள் அப்பா அவனுக்குத் துரை என்று பேர் வைத்தார். நானும் எல்லோரையும் போலச் சிரித்தேன். சாயங்காலம் துணிக்கட்டை இயந்திரத்துக்கு அடியில் தள்ளிப் பற்ற வைத்தான். நான் பின்னறையில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். ரேடியோ சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. நான் உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியும். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று என்னிடம் காது குத்த வராதே.

அங்கே வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்களாம், படம் வரைகிறார்களாம். சிகிச்சையாம். எனக்கும் சிகிச்சை நடந்தது. தொடையிலிருந்து தோலை எடுத்துக் கையில் ஒட்டினார்கள். இடது கை விரல்கள் மடங்குவதில்லை. ஊசியில் நூல் கோர்க்க உன் அண்ணனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவர் கோர்ப்பதற்குள் நூலுக்கே வயதாகிவிடும்.

மனு போகும். அவன் எதிரில் நான் உட்கார மாட்டேன்.

திரைச்சீலைக் கடை

•

பிப்ரவரி 4

அண்ணிக்கு,

அவன் செய்தது சரி என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை. சொன்னதாக நினைத்துக்கொண்டு சண்டை போட்டால் உங்களுக்கு வசதியாக இருக்கிறது.

ஆனால் ஆறு வருடம் ஒரே மூலையில் உட்கார்ந்தவனை ஒரே வாக்கியத்தில் எழுப்பி விட்டீர்கள். "சரி அண்ணி" என்றான் என்கிறீர்கள். அவன் எதற்குத்தான் சரி சொல்லவில்லை? போலீஸ்காரர் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றான். நீ எப்போதாவது பறந்திருக்கிறாயா என்று கேட்டிருந்தால் அதற்கும் ஆமாம் என்றிருப்பான். யாராவது முகத்தைச் சுளித்தால் சரி என்று சொல்லிவிடுவது அவன் பழக்கம். கோபம் எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அதை வெளியே கொண்டுவரத்தான் இந்தச் சிகிச்சை.

நீங்கள் கிண்டல் செய்யும் அந்த வட்டத்தில் ஐந்து பேர். ஒருவன் பஸ் மேல் கல் எறிந்தவன். ஒருவன் சைக்கிள் திருடுகிறவன். ஒருவன் அம்மாவை அடிப்பவன், அந்த அம்மாவேதான் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறார். கோபத்தை ஏணியாக வரைகிறார்கள். எந்தப் படியில் நிற்கிறோம், எந்தப் படியில் இறங்கிவிட வேண்டும் என்று பேசுகிறார்கள். முதல் நான்கு மாதம் துரை "தீ புடிச்சிருச்சு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். அப்புறம் ஒருநாள் "நான் வச்சேன். அண்ணி உள்ள இருந்தாங்க" என்றான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். அழுதான் என்று எழுதினால் முதலைக் கண்ணீர் என்பீர்கள். எழுதவில்லை.

உங்களைச் சந்திப்பதற்கு ஒத்திகை நடக்கிறது. டீச்சர் ஒரு காலித் தீப்பெட்டி கொடுத்திருக்கிறார். கோபம் வந்தால் அந்தப் பெட்டியை எதிரில் இருப்பவர் கையில் கொடுத்துவிட வேண்டும். எதிர் நாற்காலியில் வைக்க உங்கள் படம் வேண்டும் என்று கேட்டார். தனிப்படம் என்னிடம் இல்லை. கல்யாணப் படத்திலிருந்து உங்களை மட்டும் வெட்டிக் கொடுத்தேன். துரை அதைப் பார்த்து, "அண்ணி, எனக்குக் கோவம். இந்தாங்க. நீங்க வச்சுக்கங்க" என்று பெட்டியை நீட்டுவான். டீச்சர் நாற்காலிக்குப் பின்னாலிருந்து "வாங்கிக்கிட்டேன்" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் கையைக் கீழே இறக்குவான்.

மாடி வீட்டு அம்மா, கடைக்காரர் என்று பல பேரிடம் பழக்குங்கள் என்று டீச்சர் சொன்னார். மாடி வீட்டு அம்மா அவனைப் பார்த்தால் கொடியில் காயும் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறவர். அவரிடம் எப்படிப் பழக்குவது? வீட்டில் நானே உங்கள் படத்தை என் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு தினமும் செய்ய வைக்கிறேன். "வாங்கிக்கிட்டேன்" என்று உங்கள் மாதிரி மூக்கால் சொல்வேன். நீங்கள் நிஜமாகவே எதிரில் வந்தால் அவன் தடுமாறக் கூடாது.

பல் மருத்துவமனையில் கருவி கழுவும் வேலை முடிந்து வந்து இதைச் செய்கிறேன். வீட்டில் தீப்பெட்டி கிடையாது, லைட்டரை என் பையிலேயே கொண்டுபோகிறேன். பத்து மாதமாக நான் யார் வீட்டுக்கும் போனதில்லை. அண்ணனுக்கும் அவன் தம்பிதான் என்பதை ஞாபகப்படுத்துங்கள். நீங்கள் இரண்டு பேரும் கையைக் கழுவிவிட்டீர்கள். எனக்குக் கழுவ நேரமில்லை.

நாத்தனார்

•

பிப்ரவரி 12

நாத்தனாருக்கு,

என் கல்யாணப் படத்தில் கத்தரி வைத்தாயா? இருபது வருடமாகக் கத்தரி பிடிக்கிறவள் நான், எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று எனக்குத் தெரியும். மிச்சமிருக்கும் பாதியில் உன் அண்ணன் தனியாக நிற்பாரே, அவரை நீயே வைத்துக்கொள். இங்கேயும் அவர் படத்தில் நிற்கிற மாதிரிதான் நிற்கிறார்.

தீ வைத்தவனுக்குத் தீப்பெட்டி கொடுத்துப் பழக்குகிற டீச்சரையும், அதைப் பெருமையாக எழுதுகிற உன்னையும் என்ன சொல்வது? இன்றைக்குக் காலிப் பெட்டி. கடையில் விற்கும் நிஜப் பெட்டியும் அதே அளவுதான், அதே படம்தான்.

இது எல்லாவற்றையும்விட என் வயிறு எரிந்தது எதற்கு என்றால், என் முகத்தை உன் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு என் பேரில் நீ பதில் சொல்வதற்குத்தான். நான் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. அவன் கோபத்தை ஒருமுறை வாங்கிக்கொண்டேன், கையில் இருக்கிறது. என் பேரில் இனிமேல் நீ எதையும் வாங்காதே.

மனு நேற்றே போய்விட்டது.

திரைச்சீலைக் கடை

•

மார்ச் 16

அண்ணி,

கிழித்துப் போடாமல் இதை முழுக்கப் படியுங்கள்.

நேற்று முன்தினம் மையத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து எல்லா அறையிலும் தண்ணீர். விடுமுறை என்று காலையில்தான் சொன்னார்கள். மருத்துவமனையில் எனக்கு இனி லீவு கிடையாது, இன்னொரு நாள் வராவிட்டால் வரவே வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். மாடி வீட்டு அம்மாவைக் கேட்டேன், முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்றார். துரையைத் தனியாக விடக் கூடாது, உள்ளே வைத்துப் பூட்டவும் கூடாது என்பது கோர்ட் போட்ட நிபந்தனை. மதியத்துக்குள் ஓடி வந்துவிடலாம் என்று நினைத்து வெளிக்கதவைப் பூட்டிவிட்டுப் போனேன்.

அவன் கதவைத் தட்டினானாம். ரொம்ப நேரம் தட்டினானாம். மாடி வீட்டு அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது, இறங்கி வரவில்லை. அப்புறம் குளியலறை ஜன்னல் கண்ணாடியை உடைத்து வெளியே குதித்திருக்கிறான். போகும்போது மேல்தட்டில் மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்த தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். ஆமாம், இருந்தது. லைட்டர் வேலை செய்யாத நாளுக்காக வாங்கி வைத்தேன். அவனுக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

மீதி உங்கள் கண் முன்னால் நடந்தது. இப்போது அவன் அந்த விடுதியில்தான் இருக்கிறான், விசாரணை வரைக்கும். முடிதிருத்துபவர் அடித்ததில் உதடு கிழிந்திருக்கிறது. போலீஸ் அறிக்கையில் "தடை செய்யப்பட்ட தெருவில், பாதிக்கப்பட்டவரின் கடை எதிரில், தீப்பெட்டியுடன் பிடிபட்டான்" என்று இருக்கிறது. மூன்றும் உண்மை. இதைப் படிக்கிற எந்த நீதிபதியும் இரண்டாவது தடவை யோசிக்க மாட்டார்.

அவன் ஏன் வந்தான் என்று எனக்குத் தெரியும். கோபம் வந்தால் பெட்டியை அண்ணியிடம் கொடுக்க வேண்டும் என்று நான் அவனை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். யாரிடமும் கொடுக்கலாம் என்று டீச்சர் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. உங்கள் படத்தை வைத்தே நான் பழக்கியதால் உங்களிடம் வந்திருக்கிறான். டீச்சர் இதைச் சொல்லலாம், ஆனால் அவர் அங்கே இல்லை. இருந்தது நீங்கள். நீதிபதி உங்களைத்தான் கேட்பார்.

கொடுக்கத்தான் வந்தான் என்று மட்டும் சொல்லுங்கள். பூட்டியதைச் சொல்ல வேண்டாம். கதவு திறந்துதான் இருந்தது, கண்ணாடி முன்பே உடைந்தது, கையில் வெட்டு தெருவில் விழுந்ததில் வந்தது என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். பூட்டினேன் என்று தெரிந்தால் என் வீட்டிலிருந்து அவனை எடுத்துவிடுவார்கள். அவனுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை. எனக்கும் அவனை விட்டால் யாரும் இல்லை.

உங்களிடம் கெஞ்சுவேன் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. கெஞ்சுகிறேன்.

நாத்தனார்

•

மார்ச் 20

நாத்தனாருக்கு,

கெஞ்சுகிறபோதுகூட என்ன சொல்ல வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்று எனக்கு வரி வரியாக எழுதித் தருகிறாய். நல்ல கெஞ்சல்.

நடந்ததைச் சொல்கிறேன், நீ வந்து பார்க்கவில்லையே. நான் வாசல் மேசையில் துணி அளந்துகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினால் எதிர்ப்பக்கம், பஸ் நிற்கும் இடத்தில் அவன். கையைப் பின்னால் கட்டியிருக்கவில்லை, அதுதான் முதலில் கண்ணில் பட்டது. வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தான். முழங்கை வரை ரத்தம். விரல்களுக்கு நடுவே தீப்பெட்டி. ஓட நினைத்தேன். பின்னறைக் கதவு திறந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். இப்போதெல்லாம் நான் அதைப் பூட்டுவதே இல்லை. ஆனாலும் பார்த்தேன்.

மருந்துக்கடைக்காரர் கத்தினார். முடிதிருத்துபவர் தோளில் துண்டோடு ஓடி வந்து முகத்தில் அடித்தார். சாவி செய்கிறவர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். அத்தனை பெரிய உடம்பு. ஒரு உதறு உதறினால் இரண்டு பேரும் சாலைக்குப் போய் விழுந்திருப்பார்கள். அவன் உதறவில்லை. அடி விழும்போதும் அந்தக் கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

நான் சாலையைத் தாண்டிப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே. என் கடைக்கு எதிரில் தீப்பெட்டி இருக்கக் கூடாது, அவ்வளவுதான். என்னைப் பார்த்ததும், "அண்ணி, அக்கா பூட்டிட்டுப் போயிட்டா. தட்டினேன். யாரும் வரலை. கோவம். இந்தாங்க. நீங்க வச்சுக்கங்க" என்றான். பிடுங்கிக்கொண்டேன். திறந்து பார்த்தேன். பெட்டி நிறையக் குச்சி. உரசுகிற பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. உன் வீட்டிலிருந்து என் தெருவுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அவன் நடந்தே வந்திருக்கிறான், அவ்வளவு கோபத்தையும் பெட்டியையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு.

அப்புறம் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். எதற்குக் காத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். நீதான் விலாவாரியாக எழுதியிருந்தாயே. நான் வாயைத் திறக்கவில்லை. போலீஸ் வண்டி வரும்வரை அப்படியே நின்றான். பெட்டி என்னிடம் வந்துவிட்டது, கை மட்டும் இறங்கவில்லை. இரண்டு பேர் சேர்ந்து அதை மடக்கித்தான் வண்டியில் ஏற்றினார்கள். போலீஸ்காரர் பெட்டியை என்னிடமிருந்து வாங்கி உறையில் போட்டுக்கொண்டார்.

உன் அண்ணன் அன்று இரவு சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

விசாரணைக்கு வருவேன். அங்கே என்ன பேசுவேன் என்பது என் விஷயம், மூக்கை நுழைக்காதே.

திரைச்சீலைக் கடை

•

ஏப்ரல் 2

அண்ணிக்கு,

ஜெயித்துவிட்டீர்கள். வீட்டில் விளக்கெல்லாம் போட்டுக் கொண்டாடுங்கள்.

"அவன் எரிக்க வரவில்லை, கொடுக்க வந்தான்" என்று நீங்கள் சொன்னபோது நான் உட்கார்ந்திருந்த இடத்தில் உருகிப் போனேன். எழுந்து வந்து உங்கள் காலில் விழலாமா என்றுகூட நினைத்தேன். அடுத்த வாக்கியத்தில் என்னைக் கொன்றீர்கள். "வெளியே பூட்டியிருந்தார்கள். வீட்டில் தீப்பெட்டி இருந்தது. கை வெட்டு ஜன்னல் கண்ணாடியில் வந்தது." துணி அளக்கிற மாதிரி ஒவ்வொன்றாக அளந்து சொன்னீர்கள். அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

விடுதி வேண்டாம், சிகிச்சை பலன் தருகிறது, வெளியிலேயே தொடரலாம் என்று நீதிபதி சொன்னார். ஆனால் அக்கா வீட்டில் வேண்டாமாம். மையமே நடத்தும் வீட்டில் நான்கு பேரோடு இருப்பானாம். இரவும் பகலும் ஆள் இருப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்க்கலாமாம், விருந்தாளி மாதிரி. பல் தேய்த்தானா, சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டானா என்று யார் பார்ப்பார்கள்? அவன் துணிகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். வீடு இப்போது எனக்குப் பெரிதாக இருக்கிறது. இப்போது எங்கே வேண்டுமானாலும் தீப்பெட்டி வைத்துக்கொள்ளலாம்.

நல்ல வீடுதான். பொய் சொல்ல மாட்டேன். வாசல் கதவு திறந்தே இருக்கிறது. முதல் ஞாயிறு போனேன். துரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான், வலது கையை நீட்டியபடி. கரண்டியை இடது கையால் பிடித்துச் சாப்பிடுகிறான். தூங்கும்போது மட்டும் இறங்குகிறதாம், எழுந்ததும் மறுபடி நீட்டிக்கொள்கிறானாம். "அண்ணி வாங்கலியே" என்கிறான். நான் "வாங்கிக்கிட்டேன்" என்றேன், உங்கள் மாதிரியே மூக்கால். "நீ அண்ணி இல்ல" என்றான். டீச்சரிடம் படத்தைக் கேட்டேன். இனி படம் கிடையாதாம். படத்தை வைத்தே நான் பழக்கியதால்தான் இத்தனையும் ஆனதாம்.

எல்லாவற்றையும் கோர்ட்டில் கொட்டத் தெரிந்த வாய்க்கு அந்த ஒரு வார்த்தை அன்றைக்கு வரவில்லை. உங்களுக்கும் எனக்கும் இனி எந்த உறவும் இல்லை. இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

•

ஏப்ரல் 9

நாத்தனாருக்கு,

பதில் வேண்டாம் என்றாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பூட்டியதை நான் ஏன் சொன்னேன் என்று நீ உன்னையே கேட்டுப் பார்க்கவில்லை. உன் மேல் கோபத்தில் சொன்னேன், அதைப் பூசி மெழுகமாட்டேன். ஆனால் அது பாதிதான். வெளியே பூட்டிய அறைக்குள் தீ என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முதலில் புகை வரும், அப்புறம் கதவைத் தட்டுவோம், தட்டுகிற சத்தம் நமக்கே கேட்காது. அவன் உன் வீட்டில் தட்டிக்கொண்டிருந்தபோது கையில் நிறையக் குச்சி இருந்தது. அங்கேயே ஒன்றைக் கிழித்திருந்தால் அவனை இழுத்துப் போட எந்த முடிதிருத்துபவர் வந்திருப்பார்? மாடி வீட்டு அம்மாவா? உனக்கு லீவு கிடைக்காத இன்னொரு நாள் வராமலா போகும்? அவன் பூட்டு இல்லாத வீட்டில் இருக்கட்டும். நீ என்னைத் திட்டிக்கொண்டே இரு, எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது.

மனுவை நான் திரும்ப வாங்கவில்லை. என் தெருவில் அவன் கால் வைக்கக் கூடாது, அது அப்படியே இருக்கும். அவனை மன்னிக்கவும் இல்லை. என் விரல்கள் மடங்குகிற அன்றைக்கு யோசிக்கிறேன்.

தீப்பெட்டியைக் கோர்ட் எனக்கே திருப்பி அனுப்பிவிட்டது. போலீஸ் அதை எடுத்தது என் கையிலிருந்துதானே. தையல் இயந்திரத்துக்கு மேலே இருக்கும் பலகையில் வைத்திருக்கிறேன். தூக்கி எறியலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். எறியவில்லை. நூல் கோர்க்க வந்த உன் அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு வார்த்தை தானே" என்றார். இந்த வருடத்தின் இரண்டாவது முத்து.

உன் டீச்சருக்குப் போன் செய்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் அந்த வீட்டுக்கு வரச் சொன்னார். பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறேன். அவனிடம் காட்டி, வாங்கிக்கிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். உட்கார மாட்டேன். அவன் கையை இறக்கட்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கு நீ அங்கே இருக்காதே. உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

அண்ணி